அப்பா சொன்ன மூன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போன இந்த ஆறு வருஷமும் அந்த அபின் வகை வலி மாத்திரை இல்லாமல் அவரால் ஒரு நாளை ஓட்ட முடியவில்லை என்பது உனக்கே தெரியும். இப்போது மாத்திரையைக் கேட்பது வலியா பழக்கமா என்று அவருக்கே புரிவதில்லை. ஆஸ்பத்திரியில் தலைமேல் காந்தம் வைத்து மூளையைத் தூண்டிவிடும் புது வைத்தியத்துக்கு அவரைச் சேர்த்துக்கொண்டதும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். தினமும் நாற்காலியில் உட்காரவைத்து மண்டையில் டக்டக்கென்று இருபது நிமிஷம். தன் தலைக்குள் மூளை இருப்பதை ஒரு டாக்டராவது ஒத்துக்கொண்டார் என்று என்னிடம் கிண்டல் வேறு. ஒரு நோட்டும் கொடுத்தார்கள், வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் அதில் எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் குறைப்பார்கள்.

நீயும் போனில் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பாய். இரண்டாம் வாரம் அவர் மூன்று என்றார், நீ சந்தோஷத்தில் அழுதுவிட்டாய். அதற்குப் பிறகு அவர் மூன்றைத் தாண்டவே இல்லை. அவருக்குக் கை நடுங்குவதால் நோட்டில் எழுதுவது நான்தான். முகத்தைப் பார்த்தால் எட்டு, ஆனாலும் மகளிடம் சொன்னதைப் பொய்யாக்குவானேன் என்று நானும் மூன்று மூன்று என்றே எழுதித் தள்ளினேன். என்னைப் போல ஒரு கூறுகெட்டவள் உண்டா? நோட்டை நம்பி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. தள்ளித் திறந்தால், குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்த்துத் தரையில் கிடக்கிறார். சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். பாப்பா, எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது.

மறுநாளே போய் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை, திட்டவில்லை. மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டார்கள். காந்த வைத்தியம் கொஞ்சமாவது கேட்டதா என்பதை இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது, இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் டாக்டர். ஒருவேளை கேட்டுக்கூட இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கினார், அதை மீறித்தான் எழுதுகிறேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த தடவை போன் செய்யும்போது எத்தனை என்று கேட்காதே, வலிக்கிறதா அப்பா என்று கேள். ஆமாம் என்று சொன்னால் அழாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா