இறங்குதுறை வீதியில் என் சீதனக் காணி

மார்ச் 14, சனி

மழையும் பனியும் கலந்து. வாசல் முழுக்க ஐஸ், வழுக்காமல் கல் தூவவேண்டும். தவக்காலம், ஆகவே கூட்டத்துக்கு மீன் ரோல்ஸ் மட்டும். பொரித்ததில் பாதி வெடித்துவிட்டது.

பின்னேரம் இங்கே குரோருட் பள்ளி மண்டபத்தில், ஊரை விட்டு இந்தப் பனிநாட்டுக்கு வந்த எங்கள் தீவாரின் சங்கக் கூட்டம். அண்ணாதான் தலைவர். ஊரில் அரசாங்கம் போடப்போகிற திட்டத்தின் படத்தைச் சுவரில் காட்டினார். புதிய இறங்குதுறை, மீனுக்கு ஐஸ் தொழிற்சாலை, லொறி போகிற கொங்கிறீட் வீதி. வீதி என் சீதனக் காணியின் நடுவால். அங்கேதான் தங்கச்சி ஜசிந்தா இருக்கிறாள், புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு. அவளுக்கு வேறு கூரை இல்லை.

அண்ணா: "குடுப்பம். துறை இல்லாமல் தீவு சாகுது."

என்னவர் அன்ரன்: "துறை வரட்டும். விலை ஏறும். பிறகு பாப்பம்."

"அது உன்ர காணியோ?"

"உன்ரையோ?"

காணிக்காரி நான், ரோல்ஸ் தட்டோடு நடுவில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்ரன் அண்ணாவின் கழுத்தைப் பிடித்தார். அண்ணா மடக்குக் கதிரையால் முகத்தில் போட்டார். புருவம் பிளந்தது. ரோல்ஸ் எல்லாம் இரத்தம். பின்வரிசையில் ஒருத்தி: "கதவைச் சாத்துங்கோ, பிறகு மண்டபம் தரமாட்டினம்."

அவசர சிகிச்சையில் தையல். எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள். அன்ரன் ஐஸில் வழுக்கினதாகச் சொன்னார். வெளியே என்ன அடிபிடி என்றாலும் குடும்ப மானம் போகக்கூடாது.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவர் கண் வீங்கி மூடிவிட்டது. "உன்ர அண்ணனைக் கொல்லாமல் விடமாட்டன்." காலையிலிருந்து இதே பாட்டு. பருப்பு அடிப்பிடித்தது.

கேட்டுப் பார்த்தேன்: "காணியை ஜசிந்தாவின்ர பேரிலை எழுதுவம். அரசாங்கம் எடுத்தாலும் மாற்று வீடு அவளுக்குத்தான் வரும். அவளின்ர அடையாள அட்டை நம்பரும் உங்கட கையெழுத்தும்தான் வேணும்."

எங்கள் யாழ்ப்பாணச் சட்டம் அப்படி. அப்பா எனக்குத் தந்த காணி, ஆனால் புருஷன் கையெழுத்து இல்லாமல் நான் அதைக் கொடுக்க முடியாது.

"கையெழுத்து வைக்கமாட்டன். இன்னொருக்கால் கேட்டால் உனக்கும் விழும்."

தேத்தண்ணிக் கோப்பை சுவரில் சிதறியது. துடைத்தது நான்.

மார்ச் 21, சனி

வெயில். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது, வாசலில் கல் மட்டும். பல்கனி கழுவவேண்டும். பால் முடிந்தது.

பத்து மணி போல ஜசிந்தாவின் போன். வீதி போடுகிற கொந்திராத்துக்காரனின் ஆட்கள் மெஷினோடு வந்து வேலியைத் தள்ளிவிட்டார்களாம். கிணற்றுக்கட்டும் போச்சு. இவள் கத்தியோடு முன்னால் நின்றிருக்கிறாள். மயிரைப் பிடித்து இழுத்து விழுத்தியிருக்கிறார்கள்.

"அக்கா, முன்பல் ரெண்டும் போயிட்டுது. 'காணி உன்ர பேரிலையோ' எண்டு என்னைக் கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

அன்ரனும் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லது. பேப்பரிலை வந்தால் நட்டஈடு கூடும்." சிரித்தார்.

அடுப்பில் இரும்புத் தாச்சி. நல்ல காலம், எண்ணெய் ஊற்றவில்லை. அதைத் தூக்கி, மேசையில் விரித்து வைத்திருந்த அவருடைய வலது கையில் போட்டேன். ஒரு தரம்தான். எலும்பு நொறுங்கியது கேட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

அவசர சிகிச்சையில் அதே தாதி. அன்ரன் திரும்பவும் ஐஸில் வழுக்கினதாகச் சொன்னார். அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். காய்ந்த தெரு, வெயில். பிறகு என்னைப் பார்த்தாள். என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கோப்பி மெஷின் பழுது. உள்ளே என்ன சொல்கிறாரோ. பொலிஸ் வந்தால் வரட்டும்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு வந்தார். வலது கையில் மாக்கட்டு, இடது கையில் போன். என்னிலிருந்து ஒரு கதிரை தள்ளி இருந்தார்.

"கையெழுத்தை இடது கையாலை வைக்கிறன். ஜசிந்தாவின்ர அடையாள அட்டை நம்பர் என்ன?"