பாத்ரூம் பூட்டும் சந்தை ஸ்க்ரூடிரைவரும்

தை 12, ஞாயிறு.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பாத்ரூமில் மாட்டிக்கொண்டார். பூட்டைக் கழற்ற என் ஜெர்மன் ஸ்க்ரூடிரைவர் செட்டைப் பெருமையாகத் திறந்தேன். எவ்வளவு திருகியும் ஸ்க்ரூ அசையவில்லை. சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்று வேர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தனுங்களா, செயிலுக்கு வந்தனுங்களா?" என்றார் உள்ளிருந்து.

என் மனைவி சரசு, சந்தைத் தரைக்கடையில் பொறுக்கிய, பிடி வெடித்த ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். ஒரே திருகுதான். கதவு திறந்துவிட்டது! அந்த இரும்பை எந்த மகராசன் அடித்தானோ, கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டே பூ வைக்கச் சம்மதித்தார்.

படுக்கும்போது சரசு சொன்னாள்: "நீங்க அத்தன நேரமும் இறுக்கற பக்கமாத்தானுங்க திருகுனீங்க. அவங்க முன்னால சொல்ல வேண்டாம்னு உட்டுட்டேன்."