பஸ் போகாத சாலை

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பேத்தி முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். நான் பழுது பார்க்கும் வாடகை சைக்கிளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் போயிருந்தேன். அங்கே சைக்கிளைத் தவிர வேறு வண்டி விடமாட்டார்கள். காடு, மேடு, பள்ளம், மறுபடி ஏரி. போகும்போது பெரும்பாலும் இறக்கம்; மிதிக்காமலே வண்டி ஓடியது. பஸ் போவதை வைத்தே மணி சொல்பவன் நான்; பஸ்ஸே இல்லாத சாலையில் பொழுது போனது தெரியவில்லை. திரும்பும்போது எல்லாம் ஏற்றம். விழவில்லை, பயப்படாதே.

"ஃபோன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோச்சு பெரியவரே, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றார், நான் திரும்பியதும் இங்கே சமைக்கும் சமையல்காரர். வரும் அழைப்பை எடுக்கலாமே தவிர, இங்கிருந்து கூப்பிட முடியாத ஃபோன் அது. இருந்தும் கையில் எடுத்து, "நல்லா இரும்மா, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றேன்.

"அந்தப் பக்கம் ஆளே இல்லையே!" என்று சிரித்தார்.

என் குரலைக் கேட்காமல் படியிறங்க மாட்டேன் என்று பேத்தி நின்றிருப்பாள். நான் சொன்னதை அவளிடம் சொல்லிவிடு. அலமாரியில் இருக்கும் என் கைக்கடிகாரத்தை அனுப்பு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தரும் சமையல்காரருக்கு உலை கொதித்துவிட்டதாம். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் கூப்பிடு. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போகமாட்டேன்.