மாமனார் வீட்டு உருமா

12 செப்டம்பர் 2024, வியாழன்

காலை ஷிப்ட் முடிந்து ரெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். காலர் மடிப்பில் சிமெண்ட், காதுக்குள் சிமெண்ட். நாற்பத்தொரு வயதில் என்னோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது அது ஒன்றுதான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டேய் பரணி" என்று ஒரு குரல். ஃபேக்டரி லேபில் நான் பரணிதரன் சார். அம்மா போன பிறகு என்னைப் பரணி என்று கூப்பிட ஆள் கிடையாது. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

பூவரசன். அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டி வந்திருக்கிறான். நரைத்துவிட்டான். "எளச்சிட்டியேடா" என்றான். "நீ மட்டும் என்ன" என்றேன். பத்து வருஷம் கழித்துப் பேசிய பேச்சு இவ்வளவுதான். அவன் அப்பா யாரென்று கேட்டார். "பெரம்பலூர்ல ரூம்ல ஒண்ணா இருந்தோமேப்பா, அந்தப் பரணி" என்றான்.

ரூமில் ஒன்றாக இருந்தோம். ஆமாம். நான்கு வருஷம், ஒரே பாயில். அதற்கும் இந்த வார்த்தைதான் போலிருக்கிறது.

நம்பர் வாங்கிக்கொண்டான். கூப்பிட மாட்டான்.

15 செப்டம்பர்

கூப்பிடவில்லை. சொன்னேன் அல்லவா.

22 செப்டம்பர், ஞாயிறு

வந்துவிட்டான். பூலாம்பாடியிலிருந்து பை நிறைய அவன் காட்டுச் சின்ன வெங்காயம். வாங்க, உட்காருங்க என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோல் வாயில் வந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு.

அவன் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் நான். மணப்பெண்ணிடம் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா" என்று கேட்டவன். அந்த வாரமே பெரம்பலூர் ரூமைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். அவன் அப்பா பூச்சிமருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டாராம், அதனால் தலையாட்டினானாம். இதை அவன் அன்றைக்கே சொன்னான். எனக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை.

அந்தப் பெண் வளர்மதி இரண்டாம் வருஷமே பிரிந்து போய்விட்டாளாம்.

"அதுமேல ஒரு தப்பும் இல்ல பரணி. நான்தான் அதுகிட்ட உள்ளதச் சொன்னேன். ஒரு வார்த்த வெளிய விடாம போச்சு. இப்ப திருப்பூர்ல புள்ள குட்டியோட நல்லாருக்கு."

"அப்பவே இங்க வந்துருக்கலாமே."

"எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு வர."

இப்போதும் அதே மூஞ்சியைத்தான் கொண்டு வந்திருக்கிறான். நானும் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் யாருக்கு வெட்கம் இல்லை?

13 அக்டோபர்

வந்தான். சமைத்தோம், தூங்கினோம். எழுத ஒன்றும் இல்லை. இப்படி ஒரு நாள் வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் கேட்டேன்.

1 நவம்பர்

நேற்று தீபாவளி. கிருஷ்ணம்மாள் அக்கா வழக்கம்போல் என் வாசலுக்கும் சேர்த்துக் கோலத்தை இழுத்துப் போட்டிருந்தார். இந்த வீட்டின் சொந்தக்காரர், அடுத்த போர்ஷனில்தான் இருக்கிறார். பண்டிகை என்றால் ஒருதரமும் விட்டதில்லை. "பொம்பள இல்லாத வூடுன்னு வாசல் வெறிச்சுனு கெடக்கலாமா சார்?"

இன்று பூவரசன் அதைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தான், மிதித்துவிடக் கூடாது என்று. அக்கா பார்த்துவிட்டு, "ஒங்க சிநேகிதகாரரு வெங்காயம் நல்ல காரம்" என்றார்.

பயமாக இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை. தெரியும்.

10 நவம்பர், ஞாயிறு

வரவில்லை. போன் செய்தான். அப்பா எழுந்து நடப்பதில்லை. அவன் அக்கா ஜெயசுதா பெண் பார்த்து வைத்திருக்கிறார், ஏலாக்குறிச்சிப் பக்கம். புருஷனை இழந்த பெண். இவனும் ஒற்றை ஆள், பொருத்தம்தானே என்கிறாராம்.

"அப்பா கையப் புடிச்சிக்கிட்டு கேக்கறாரு. நான் என்னடா சொல்லட்டும்?"

"நீ என்ன சொல்லணும்னு இருக்க?"

பின்னால் மோட்டார் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வைத்துவிட்டான்.

என்கிட்ட ஏன்டா கேக்கற? பத்து வருசம் முன்னாடி கேட்டியா? இல்ல, இப்ப நான் வேணாம்னு சொன்னா கேக்கப் போறியா? ஒவ்வொரு தடவையும் ஒங்கப்பா கைய நீட்டுவாரு, நீ தலைய ஆட்டுவ, நான் வாளியத் தூக்கணும். வேற வேலையே கெடையாதா எனக்கு.

17 நவம்பர்

வரவில்லை.

25 நவம்பர், திங்கள்

அவன் அப்பா போய்விட்டார். அவன் சொல்லவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலை போட்ட படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெரம்பலூர் போய் பஸ் மாறி பூலாம்பாடி போனேன். கடை மாலை ஒன்றைக் கால்மாட்டில் போட்டுவிட்டு, சாமியானா ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நீங்க எந்த வகையில சொந்தம் என்றார். தெரிஞ்சவங்க என்றேன். மொட்டை போட்டு, கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு என் முன்னாலேயே நடந்து போனான். தோளைப் பிடித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு உறவு இருந்தது.

8 டிசம்பர், ஞாயிறு

நாளை கருமாதி. கொள்ளி வைத்த மகனை உட்கார வைத்து, முறை உள்ளவர்கள் அவன் தலையில் உருமாத் துண்டு கட்டுவார்கள். முதலில் தாய்மாமன். அடுத்து மாமனார் வீடு. அவனுக்கு மாமனார் வீடு கிடையாது.

பெரம்பலூரில் ஜவுளிக் கடைக்குப் போனேன். உருமாத் துண்டு என்றதும் கடைக்காரர், "எந்த மொறைக்குங்க? சாதாரணமா போடறதா, மாமனார் வூட்டு மொறையா?" என்று கேட்டார். சாதாரணம் என்றால் வெறும் துண்டு. மாமனார் வீடு என்றால் கரை வேட்டியும் சேர்த்து.

"மாமனார் வூட்டு மொறைங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லதாக ஒரு செட் எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது.

9 டிசம்பர், திங்கள்

எழுதவே கூடாது என்று இருந்தேன்.

மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் கட்டினார். முறை சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர், "மாமனார் வூட்டு உருமா வாங்க" என்றார். யாரும் எழவில்லை. எனக்குக் கால் தன்னால் எழும்பியது. அதற்குள் ஜெயசுதா, "அது இல்லீங்க, அடுத்ததக் கூப்புடுங்க" என்றார்.

சித்தப்பா மகன்கள், அத்தான், ஊர்க்காரர்கள். எல்லாம் முடிந்து கடைசியில் பெரியவர், "சிநேகிதகாரங்க யாராச்சும் இருந்தா வாங்கப்பா" என்றார்.

பூவரசன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான்.

நான் எழவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு சரி எழுந்திரு தம்பி என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது ஜெயசுதா வாசல்வரை வந்தார். "வருசம் திரும்பறதுக்குள்ள வூட்டுல ஒரு நல்லது நடந்துடணும் தம்பி. நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுகிற வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

10 டிசம்பர்

பை பீரோவில் இருக்கிறது.

20 டிசம்பர், வெள்ளி

அவனிடமிருந்து மெசேஜ். "எல்லாரும் கட்டுனாங்க. நீ எந்திரிக்கவே இல்ல. நான் வேணாம்னு அவ்ளோ பேர் முன்னாடி காட்டிட்ட. அக்காகிட்ட சரின்னுட்டேன். தை பதினஞ்சு. நீ வரவேணாம்."

சாம்பார் வாளி இந்தத் தடவை மிச்சம்.

26 டிசம்பர்

லீவு போட்டேன். கதவைத் திறக்கவில்லை. அக்கா ஜன்னல் வழியாக, "சார், ஒடம்புக்கு ஆவலியா" என்று கேட்டுவிட்டு ரசம் வைத்துப் போனார். ரசம் அப்படியே ஆறிக் கிடக்கிறது. காலையில் எழுவதற்குக் காரணம் தேடினால் ஷிப்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்படியே ஐம்பது, அறுபது. அதற்குப் பிறகு எனக்கு உருமா கட்டிக்கொண்டு உட்கார ஒருவனும் இல்லை.

29 டிசம்பர், ஞாயிறு

வேட்டியையும் துண்டையும் பாயில் விரித்து போட்டோ எடுத்தேன். கீழே எழுதினேன்: "இது மாமனார் வீட்டு முறை. இதை எடுத்துக்கொண்டு சிநேகிதகாரர்கள் வரிசையில் எப்படி வருவது?"

அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

1 ஜனவரி 2025

பதில் இல்லை. லேபில் கேக் வெட்டினார்கள்.

4 ஜனவரி, சனி

காலை ஷிப்ட் முடிந்து வந்தால் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறான். மொட்டையில் முடி முளைத்து நெல் அறுத்த வயல்போல் இருந்தது. கதவைத் திறந்தேன்.

"எங்க அது?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். வேட்டிக் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"நேத்து பொண்ணு வூட்டுக்குப் போயி நானே சொல்லிட்டேன். வளர்மதிக்குப் பண்ணத இன்னொரு புள்ளைக்குப் பண்ண முடியாதுடா. அக்கா மண்ண வாரித் தூத்துச்சு. நான் செத்தாலும் வராதன்னு சொல்லிடுச்சு."

"கோவத்துல சொல்லிருக்கும்."

"இல்ல. அது அப்புடிச் சொல்லாது. சொன்னா சொன்னதுதான்."

நாற்காலியைக் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான்.

"கட்டு."

கூப்பிடப் பெரியவர் இல்லை. கட்டத் தெரியவில்லை எனக்கு, இரண்டு தடவை நழுவியது. என் கையிலிருந்த சிமெண்ட் வெள்ளைத் துண்டில் ஒட்டிக்கொண்டது. கட்டி முடித்ததும் அப்பா அப்பா என்று வாய்விட்டு அழுதான். சாவுக் கூட்டத்திலும் கருமாதியிலும் அவன் அழுது நான் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அவனுக்குக் கூடப்பிறந்தது இல்லை என்று ஆகிவிட்டது, அப்பா இல்லை. நான் மட்டும் இருக்கிறேன்.

13 ஜனவரி, திங்கள்

கிருஷ்ணம்மாள் அக்கா கலர்ப்பொடிக் கிண்ணங்களோடு வந்தார். "நாளைக்கு ஒங்க வாசலுக்கு என்னா கோலம் போட சார்?"

"வேணாங்கக்கா, துக்க வூட்டுக்குக் கோலம் ஆவாது. இந்த வருசம் எங்களுக்குப் பொங்கல் இல்ல. பெரியவரு தவறிட்டாரு."

"ஒங்கப்பாதான் எப்பவோ போயிட்டாருன்னீங்களே?"

"பூவரசனோட அப்பா."

அக்கா என்னைப் பார்த்தார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவனையும் பார்த்தார். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்று ராத்திரி முழுக்க யோசனை.

14 ஜனவரி, செவ்வாய்

ஜெயசுதா போனை எடுக்கவில்லை. அவன் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுப் பார்க்கிறான்.

விடிந்ததும் நான் கதவைத் திறந்தேன். கலர்ப்பொடியில் பானையும் கரும்புமாகப் பெரிய கோலம். அக்கா வீட்டு வாசலில் தொடங்கி, எங்கள் வாசலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. இந்தப் பக்கம் சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் மட்டும் தெளித்திருந்தார்.