சூரியன் மேல் போட்ட பழி

மார்ச் 3
துணை மின்நிலையத்தில் காலை ஷிஃப்ட். பெரிய மின்மாற்றியின் எர்த் கம்பியில் இருக்கும் மீட்டர், நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பூஜ்யத்தைத் தவிர எதையும் காட்டியதில்லை. எட்டு மணி நேரத்துக்குமான எட்டு பூஜ்யத்தையும் வந்தவுடனே பதிவேட்டில் எழுதிவிடுவது எங்கள் வழக்கம். "முட்ட போட்டாச்சா சார்? அப்ப டீ குடிக்கலாம்" என்பார் மின்மாற்றியின் எண்ணெயைக் கவனிக்கும் எண்ணெய்க்காரர்.

மார்ச் 9
சூரியனில் வெடிப்பாம். அந்தப் புயல் நாளை பூமியைத் தொடுமாம். தரை வழியாக மின்னோட்டம் ஏறி மின்மாற்றியைச் சுடவைக்குமாம். தலைமை அலுவலகம் போனில் சொன்னது: மீட்டர் முப்பதைத் தாண்டினால் நிறுத்திவிடு, யாரையும் கேட்காதே.

மார்ச் 10
பத்தரைக்கு மின்மாற்றி உறுமத் தொடங்கியது. ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன் — நாற்பத்திரண்டு. எண்ணெய்க்காரர் மின்மாற்றியின் எண்ணெய்த் தொட்டியில் கைவைத்து, வெடுக்கென்று எடுத்தார். "நிறுத்திடுங்க சார்."

நிறுத்தினால் மருத்துவமனையும் இருட்டாகும். அங்கே அக்கா டயாலிசிஸில் படுத்திருந்தாள். ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கு மட்டும்தான். பாதி ரத்தம் மெஷினுக்குள் இருக்கும்போது எப்படி நிறுத்துவேன்? அவளோடு இருந்த அவள் கணவர், மாமாவுக்குப் போன் போட்டேன். "இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்ப்பா" என்றார். முக்கால் மணிதானே என்று இருந்துவிட்டேன்.

நாற்பதாவது நிமிடம் தொட்டி வெடித்துத் தீப்பிடித்தது.

மார்ச் 12
டயாலிசிஸ் நர்ஸைப் பார்த்தேன். "கரண்ட் போனா ரத்தத்தக் கையால சுத்தித் திருப்பி ஏத்திடுவோம். எங்களுக்குப் பழக்கம்தானே. உங்க அக்காவுக்கும் அன்னிக்கு அப்படித்தான் பண்ணினோம்" என்றாள். ஒரு வார்த்தை அங்கே கேட்டிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 27
விசாரணை. பதிவேட்டில் அன்று காலையிலேயே நான் எழுதிவைத்த எட்டு பூஜ்யம்; தீப்பிடித்த பிறகான மணிகளுக்கும் சேர்த்து. அதை யாரும் கவனிக்கவில்லை. "மீட்டரே காட்டலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அதிகாரியே எனக்குச் சமாதானம் சொன்னார். பழி சூரியன் மேல். எண்ணெய்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயே திறக்கவில்லை.

புது மின்மாற்றி வர ஐந்து மாதம். அதுவரை ஊரில் கரண்ட் இல்லை, மருத்துவமனையில் டயாலிசிஸும் இல்லை.

ஏப்ரல் 20
டயாலிசிஸ் வாரம் மூன்று முறை செய்ய வேண்டியது. இப்போது பக்கத்து ஊரில் வரிசையில் நின்று ஒரே முறை. அக்காவின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "எனக்காகத்தான் நிறுத்தாம வச்சிருந்தியாமே, அவரு சொன்னாரு. பக்கத்துக் கட்டில்ல எல்லாம் சொல்லிட்டேன், கூடப்பிறந்தவன்னா இப்படி இருக்கணும்னு." உண்மையைச் சொல்லியிருக்கலாம். முடியல. நான் ஒரு கோழை.

ஜூன் 2
அக்கா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14
புது மின்மாற்றி ஓடுகிறது. சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன் — நாற்பத்திரண்டு, பூஜ்யங்கள், நர்ஸ் சொன்னது.

"அவகிட்ட இதச் சொன்னியா?"

"இல்ல மாமா."

"நல்லவேளை. உன்னப் பெருமையா நெனச்சுக்கிட்டே போனா" என்றார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார்.