ஆழத்துக்குப் போகமாட்டேன்

குழாய் ரிப்பேர்காரன் காலையில் வருவான். அவன் கிளம்பும்வரை பக்கத்திலேயே நில், ஆள் முழியே சரியில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

நேற்று நீச்சல்குளத்தில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "கையை விட்டா முங்குற, இந்த வயசுல உனக்கெதுக்கு நீச்சல்?" என்றேன். நீ குளத்தைவிட்டு ஏறிப் போய்விட்டாய். டிக்கெட் கொடுக்கிற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு மறுபடி நீந்த வந்துட்டீங்க. தண்ணிக்குள்ள உங்களுக்கு நெஞ்சை அடைச்சா இழுத்துட்டு வரணும்னுதான் உங்க வீட்டம்மா கத்துக்கிறாங்க. தெரியாதாய்யா?"

நான் யார் சொன்னாலும் நம்பாதவன். ஆனால் வாளித் தண்ணீருக்கே பயப்படுகிறவள் நீ. வேறெதற்கு இறங்கியிருப்பாய்?

நான் இருக்கிற கனத்துக்கு என் ஒரு காலைக்கூட உன்னால் இழுக்க முடியாது. இருந்தாலும் எனக்காக இப்படி யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை.

உன் நீச்சல் உடை காய்ந்துவிட்டது, பையில் வைத்திருக்கிறேன். குழாய்க்காரன் போனதும் நீயும் குளத்துக்கு வா. கோபம் இருந்தால் அங்கே வந்து திட்டு.

சாவியை மாடிக்காரியிடம் கொடுக்காதே.

இன்னொன்று. நீ ஆழத்துக்கு வரப் பழகும்வரை நானும் போகமாட்டேன். முழங்கால் தரையில் உரசினாலும் பரவாயில்லை, குழந்தைகள் பக்கமே நீந்துகிறேன்.