ஞாயிறு மதியப் பேய்கள்

இன்று பள்ளியில், ஆசிரியர் அறையில் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். என் பேனா நின்றுவிட்டது. ஞாயிறு மதியம் கள்ளக்குறிச்சியில் உன் வாடகை வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். நெற்றியில் பூசிக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்து, நான் சர்ச்சிலிருந்து வரும்வரை காத்திருப்பாய்.

"ஜெபம் பண்ணிட்டு நேரா பேயப் பாக்க வந்துட்டியா மிஸ்ஸு?" என்று சிரிப்பாய். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பு நமக்கு. எனக்குப் பெயர் இருந்தும், உனக்கு நான் மிஸ்ஸுதான்.

புதுப் பேய்ப் படங்கள் உனக்குப் பிடிக்காது. "திடீர்னு டமார்னு சத்தம் போட்டா யாருக்கும்தான் தூக்கிப் போடும். அது பயமா?" என்பாய். உனக்குப் பழசுதான் வேண்டும். ரத்தம் என்று ரோஸ்மில்க்கை ஊற்றியிருப்பார்கள். பறக்கும் மண்டையோட்டுக்கு மேலே கயிறு தெரியும். நான் விரலிடுக்கில் பார்ப்பேன், நீ கயிற்றைக் காட்டிச் சிரிப்பாய். ஆனால் அந்தப் படங்களில் கதாநாயகி எதற்காகவோ அருவியில் குளிக்கப் போகும்போது உன் முகம் மாறிவிடும்.

"அவ குளிக்கிறதயும் பாக்கணும், அவ சாகறதயும் பாக்கணும். ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டு."

ஒரு முறை காட்டுப் படம் ஒன்று வந்தது. இலையைக் கட்டிக்கொண்டு ஆடும் மலைப்பெண்கள், நரபலி, நகரத்திலிருந்து வரும் நாயகன். கொஞ்ச நேரம் நீயும் சிரித்தாய். பிறகு படத்தை நிறுத்தினாய். நீ கல்வராயன் மலைக்காரி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மா மரவள்ளிக் கெழங்கு மூட்டைய சுமந்துக்கினு மலையவுட்டு எறங்கும். எவ ஆடுனா இப்பிடி?" என்றாய். "மத்தவங்க செத்தாதான் பேயி. எங்கள உயிரோடவே பேயாக்கிட்டானுங்க."

அன்று நாம் வேறு படம் போடவில்லை. டீ போட்டுக் குடித்தோம்.

அப்புறம் உனக்குக் கட்டி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாய். முடியெல்லாம் கொட்டிப்போன பிறகு ஒரு மதியம் நான் வந்தபோது, வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்கதவில் சாய்ந்து நின்றாய்.

"எப்பிடி மிஸ்ஸு? மேக்கப்பே வேணாம்ல?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"உனக்கு ஏன்டி இந்தக் கண்றாவியெல்லாம் புடிக்குது?" என்று கேட்டேன். எத்தனையோ ஞாயிறுகள் கூடவே இருந்தும் அன்றுதான் கேட்டேன்.

"எங்கம்மா போனப்ப நான் சின்னப் பொண்ணு. பேய்ப் படத்துல மட்டுந்தான செத்தவங்க திரும்பி வராங்க?" என்றாய். என் தோளில் தலை வைத்துக்கொண்டாய். உன் தலை அவ்வளவு லேசாக இருந்தது.

உன்னை மலைக்குக் கொண்டுபோனார்கள். நானும் வேனில் வந்தேன். உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் வைத்தார்கள். மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது, "டீச்சர், வண்டி கிளம்புது" என்று உன் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

போன ஞாயிறு எங்கள் வீட்டு டிவியில் ஒரு பழைய படம் ஓடியது. கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட மருமகள், ஈரப் புடவையோடு வாசலில் வந்து நிற்கிறாள். வீட்டில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறார்கள். நான் கண்ணை மூடவில்லை.

"இன்னா, பேய் படத்துக்குப் போயி அழுவுற?" என்றார் என் கணவர்.

அவ்வளவு தூரம் திரும்பி வந்தவளை, "வா, உட்காரு" என்று அந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.